மணக்காத மிளகாய்

முதல் தும்மல் வெள்ளிக்கிழமை காலை வந்தது. பல் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தும்மல் வருவதற்குள் விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டேன்: வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். புதன்கிழமை மனைவிக்குக் கண் ஒப்பரேசன். என் சளித் தடிமன் அவளுக்குத் தொற்ற இரண்டு நாள் போதும். மிச்ச நாள் முழுவதும் அவள் இருமுவதற்கு.

கிளினிக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், தடிமன் இருமலோடு வந்தால் ஒப்பரேசன் செய்யமாட்டார்கள் என்று. "கண்ணைத் திறந்து வேலை செய்யேக்கை ஒருக்கா இருமினால்..." என்று தாதி வசனத்தை முடிக்காமல் விட்டார். மற்றவர்கள் முடிக்காத வசனங்களை முடிப்பதில் நான் வல்லவன். பஸ் வீட்டுக்கு வருமுன்பே அதை ஏழு விதமாக முடித்துப் பார்த்திருந்தேன். ஏழிலும் நல்லது ஒன்றுமில்லை.

அந்தத் திகதிக்காக அவள் பதினொரு மாதம் காத்திருந்தாள். விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு அவள் தைத்தது. இடது கண் கடைசி யுத்தகாலத்திலேயே மங்கிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. வலது கண்ணை வைத்துத்தான் இத்தனை வருடமும் தைத்தாள். அதிலும் வெண்புரை படர்ந்தபிறகு, கறுப்பு நூலையும் கடும் நீல நூலையும் முற்றத்து வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். போன தவணை ஒரு பிள்ளையின் காற்சட்டைக்கு ஒரு காலில் நீல நூலும் மற்றக் காலில் கறுப்பு நூலும் ஓட்டிக் கொடுத்துவிட்டாள். பிள்ளையின் தாய் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மடித்து வாங்கிக்கொண்டு போனாள். அவள் ஏசியிருந்தால் மனைவி தாங்கியிருப்பாள். அன்று தையல் மெசினுக்குமேல் சீலை ஒன்றைப் போட்டு மூடியவள், கண் வந்தபிறகுதான் திறப்பேன் என்றுவிட்டாள்.

ஆகவே தும்மிய கையோடு நான் வீட்டைவிட்டு வெளியேறத் தீர்மானித்தேன். மாட்டுக்கொட்டிலோடு ஒட்டி வைக்கோல் அடுக்கும் சின்னக் கொட்டில் ஒன்று இருக்கிறது. பாய், தலையணை, தண்ணீர்ப் போத்தல், காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பிளாஸ்ரிக் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். தடிமனுக்கு எதற்குக் காணிப் பத்திரம் என்று கேட்கக்கூடாது. இந்தப் பக்கத்தில் என் வயதுக்காரன் வீட்டைவிட்டு நாலடி நகர்ந்தாலும் கை தானாக அந்தப் பையைத்தான் தேடும்.

குசினி வாசலில் நின்று மனைவி கேட்டாள்.

"எங்கயப்பா வெளிக்கிட்டியள்?"

"கொட்டிலுக்கு. எனக்குத் தடிமன். கிட்ட வராதையும்."

"தடிமனுக்கு இடம்பெயர்ந்த ஆள் உலகத்திலையே நீங்கள் ஒராள்தான். மாடு என்னப்பா பாவம் செய்தது?"

மாட்டுக்கும் கண் ஒப்பரேசனா என்று திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். தும்மல் முந்திக்கொண்டது.

உண்மையைச் சொன்னால், யுத்தத்தில் பங்கருக்குள் பதுங்கி இருந்த நாட்களில்கூட என் பயம் இவ்வளவு வேலை செய்ததில்லை. அப்போது எல்லாரும் பயந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் பயந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இப்போது வீட்டில் நான் ஒருவன்தான் பயப்படுகிறேன். ஒட்டுமொத்தப் பொறுப்பும் என் தலையில். களைத்துப்போகிறது.

சந்திக் கடைக்கு சைக்கிளில் போனேன். கடைக்காரர் முஸ்லிம், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, தேன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கையில் பேப்பர்ச் சுருளோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்குத் தடிமன்?"

"எனக்குத்தான்."

"நான் ஊருக்கே எண்டு நினைச்சன். மல்லியும் வேர்க்கொம்பும் காணும். வறுத்து, இடிச்சு, அவிச்சுக் குடிங்க. காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"மற்றதையும் கட்டுங்கோ நானா. இருக்கட்டும்."

மனைவிதான் அவித்தாள். மல்லியை வாசம் வரும்வரை வறுத்து, காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, மூன்று பேணித் தண்ணீர் ஒரு பேணியாக வற்றும்வரை அடுப்பில் விட்டாள். முற்றத்தின் நடுவில் கல்லுக்கு மேல் பேணியையும் ஒரு துண்டு பனங்கட்டியையும் வைத்துவிட்டு அவள் பின்வாங்குவாள். பிறகு நான் முன்னேறி எடுப்பேன். கைதி மாற்றுகிற இடத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்காது.

காலையும் பின்னேரமும் என்றுதான் நானா சொன்னார். எனக்கு ஐந்து நாள்தான் தவணை. ஆகவே முதல்நாள் ஆறுதரம் குடித்தேன். மிச்சச் சரக்குகளையும் நானே இடித்து அதற்குள் போட்டுக்கொண்டேன். நெஞ்சுச் சளி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வயிற்றில் இருந்ததுதான் புறப்பட்டது. சனிக்கிழமை முழுவதும் கொட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வளவுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சின்ன வயதில் பெற்றோரோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவள். இப்போது எங்களைவிட நன்றாகக் கச்சான் கடலை பயிர் செய்கிறாள்.

"அண்ணே, நொச்சி எல தாறேன். கொதிக்க வச்சு, போர்வையப் போத்திக்கிட்டு ஆவி புடிங்க. பத்து நிமிஷம் போதும்."

"பத்து காணுமோ?"

"போதும்ணே. கூட நேரம் இருந்தா மயக்கம் வரும்."

இருபத்தைந்து நிமிடம் இருந்தேன். போர்வையைத் தூக்கியபோது மாடு இரண்டாகத் தெரிந்தது. மூக்கு மட்டும் சிறிது திறந்து, ஒரு மணித்தியாலம் மூச்சுவிட்டு, மறுபடி இறுகப் பூட்டிக்கொண்டது. திங்கட்கிழமை உப்புத் தண்ணீரால் தொண்டை கொப்பளித்தேன். மிளகு ரசத்தைச் சோற்றோடு குடித்தேன். அதில் மிளகு போட்டிருந்ததா என்று நாக்குக்கும் தெரியவில்லை, மூக்குக்கும் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் மனைவி ஒரு தும்மல் தும்மவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை நான் வென்றுகொண்டுதான் இருந்தேன். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் ஒப்பரேசனுக்குப் போகிறவளைப் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வரத்தொடங்கினார்கள். ஒருத்தி பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது கொட்டிலுக்குள் கேட்டது: "உன்னைப் பாத்தா ஆரடி வருத்தக்காரி எண்டுவினம். மினுங்கிக்கொண்டெல்லோ இருக்கிறாய்." இன்னொருத்தி, "புருசன் தடிமனோட கிடக்கிறார், உனக்கு ஒண்டும் இல்லை பார்" என்றாள். ஐந்து நாள் கட்டிக்காத்ததை இரண்டு பேருமாக ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கண்ணூறு நாவூறு பட வைத்துவிட்டார்கள்.

நாவூறு கழிக்கும் முறை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மூன்று காய்ந்த செத்தல் மிளகாயையும் ஒரு பிடி உப்பையும் ஆளின் தலையைச் சுற்றி நெருப்பில் போடவேண்டும். மிளகாய் கருகும் நெடி மூக்கில் ஏறினால் பயமில்லை. மணக்கவேயில்லையென்றால் நாவூறு பலமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை, பொழுதுபடும் நேரம். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தணல் சட்டியோடு வீட்டுக்குள் போனேன். முகத்தில் இரண்டு மாஸ்க், அதற்குமேல் துவாய். முற்றத்தில்தான் செய்வது வழக்கம். ஆனால் அவள் தலைக்கு முழுகியிருந்தாள். பனி படக்கூடாது என்று அறைக்குள்ளேயே இருத்தி, யன்னலையும் சாத்தினேன்.

"நாளைக்கு விடிய வெள்ளன பஸ். இப்ப இது தேவையோ?" என்றாள்.

"ரண்டு நிமிசம். கிழக்கைப் பாத்து இரும்."

மூன்று மிளகாயைச் சுற்றிப் போட்டேன். துவாயைக் கொஞ்சம் விலக்கி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் மூன்று போட்டேன். ஒரு மணமும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, அது தடிமனுக்கு ஐந்து நாளாக வழிகிறதுதான். இவ்வளவு பொல்லாத நாவூறை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. குசினிக்கு ஓடி மிளகாய்ப் பேணியை எடுத்துவந்து கைப்பிடியாக அள்ளிப் போட்டேன்.

"மணக்குதே?" என்று கேட்டேன்.

அவள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினாள். இல்லை என்கிறாள் என்று விளங்கிக்கொண்டு இன்னொரு பிடி எடுத்தேன்.

அப்போது வேலிப் பக்கத்திலிருந்து இருமலோடு குரல் வந்தது.

"அண்ணே, அக்காவ வெளிய கூட்டியாங்க. எங்க வூட்டுலயே இருக்க முடியல."

ஒழுங்கை முழுவதற்கும் மணந்திருக்கிறது. ஐந்து நாளாக அடைத்துக்கிடந்த என் மூக்குக்கு மட்டும்தான் மணக்கவில்லை. அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். தடிமன் தொற்றும் என்ற நினைப்பே வரவில்லை. அவள் ஏசவில்லை. இருமி முடித்து, "இப்ப நாவூறு போயிட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் வலது கண் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தது. பஸ்ஸுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். போய்ச் சேருமுன் சிவப்பு இறங்கிவிடும் என்று நினைத்திருக்கவேண்டும். நானும் அதைத்தான் நினைத்தேன். மாங்குளத்தில் பஸ் நின்றபோது "ஒருக்காத் திறவும் பாப்பம்" என்றேன். திறந்தாள். பிறகு நான் கேட்கவில்லை.

டொக்டர் எங்கள் மகள் வயதிருக்கும் பெண்பிள்ளை. சின்ன ரோச் லைற்றை அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, தடிமன் இருமல் ஏதும் இருக்கோ?"

"இல்லை டொக்டர். ஒண்டுமில்லை."

"அப்ப கண்ணுக்கு என்ன நடந்தது?"

என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், மிளகாயை, உப்பை, சாத்திய யன்னலை. டொக்டர் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தார். பக்கத்தில் நின்ற தாதி கடிக்கவில்லை.

"இந்தக் கண்ணில இப்ப கை வைக்கேலாது அம்மா. முதல் இது ஆறவேணும்." கொப்பியைப் புரட்டி ஆறு வாரம் தள்ளித் திகதி எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட தடிமன் தானாவே மாறும் ஐயா. சுடுதண்ணி குடிச்சு, பேசாமல் படுங்கோ."

பேசாமல் படுங்கோ. ஐந்து நாளில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், சொன்னவரோடு நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதிரையில் தலையைச் சாய்த்து இருந்தாள். நாளுக்கு நாலுதரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடவேண்டும். தனக்குத் தானே விட அவளால் முடியாது, போத்தலின் நுனி தெரியாது. முற்றத்தின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்த நாங்கள் இப்போது ஒரு சாண் தூரத்தில். நான் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். முதல் சொட்டு அவள் மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதுப் பக்கம் வழிந்தது.

"மூச்சை விடுங்கோப்பா," என்றாள். "எனக்குத் தடிமன் வந்தாலும் மாறுறதுக்கு ஆறு கிழமை கிடக்கு."

விட்டேன். மூன்றாவது சொட்டு கண்ணுக்குள் போனது. அவள் இமையை மூடி, கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"அடுத்தது ஆறு மணிக்கு," என்றாள். "எங்கயும் போயிடாதேங்கோ."