நெஞ்சடைப்புக்கு ஒரு இஞ்சி சோடா

ஆன்லைனில் ஒரு கல்லூரியின் உடல்நலப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் சோடாக் கடையில் உட்கார்ந்தபடியே போனில் பாடம் கேட்பேன்.

இன்று இதயத்தைப் பற்றிய பாடம். பாதியில் ஒரு அண்ணாச்சி வந்தார். கையில் பால்கோவாப் பை. சட்டையெல்லாம் வேர்வை.

"தாயி, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. வாயுதான். ஒரு இஞ்சி சோடா குடு."

"இடது கை வலிக்கா அண்ணாச்சி?"

"செத்த நேரமா வலிக்கு. பையத் தூக்கிட்டு வாரேன்லா."

"எதுக்கும் பெரியாஸ்பத்திரில காட்டிருங்க."

"மொதல்ல சோடாவ உடைம்மா. பஸ்ஸ எடுத்துருவான்."

உடைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார்.

"பாத்தியா, வாயுதான்" என்று சிரித்தார். எனக்கும் நிம்மதியாகிவிட்டது. ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மீதிப் பாடத்தைக் கேட்டேன். ஏப்பம் வந்துவிட்டது என்பதற்காக வாயு என்று நம்பிவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

ராஜபாளையத்துக்காரர்களே, பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் அவரைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாடம் முடிந்ததும் வைத்த தேர்வில் எனக்குப் பத்துக்குப் பத்து.