விற்றவன் நான், சாவி வேறொருவரிடம்

வீடியோ விளையாட்டு விற்கும் கடையில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று நினைப்பவர்கள், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடைக்கு ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் திறக்க மறுத்த விளையாட்டுகள் எல்லாம் மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி என் மேசைக்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளின் முன்னால் நின்று "உள்ளே வரலாமா?" என்று நீங்களும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். கேட்டும் கதவு திறக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எத்தனையோ விளையாட்டுகள் விற்றிருக்கிறேன். மனதை விட்டுப் போகாதது இந்த ஒன்றுதான்.

உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம்

மோகன் கட்டாரில் வேலை செய்பவர். விடுமுறையில் வந்திருந்தபோது தங்கை கவிதாவுடன் கடைக்கு வந்தார். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் கவிதா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகள் இருக்கும் அறை அது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் அம்மா வரும்வரை அங்கேதான் இருப்பார்கள். மழை நாளில் அவர்களை உள்ளே வைத்திருக்க ஏதாவது வேண்டும் என்று கவிதா கேட்க, அண்ணன் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் வீடு கட்டும் விளையாட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்.

விளையாட்டு வந்த உறையை மோகன் அங்கேயே திறந்தார். விளையாட்டு ஏற்றிய வட்டத் தட்டு இல்லை. ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருந்தது. அதைச் சுரண்டினால் ஓர் எண் வரும், அந்த எண்ணைக் கொடுத்தால் விளையாட்டு இணையத்தில் இருந்து இறங்கும் என்று விளக்கினேன். "அப்ப இவ்வளவு பெரிய உறை எதுக்குங்க?" என்று மோகன் என்னைக் கேட்டார். கவிதாதான் அதை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"உறை இருக்கட்டும்ண்ணே. பிரிச்சுப் பாக்குறதுக்குப் புள்ளைகளுக்கு ஏதாச்சும் வேணும்ல."

வீட்டு எண் எங்கே?

விளையாட்டைத் திறக்க ஒரு கணக்கு வேண்டும். கணக்கென்றால், விளையாட்டு செய்த நிறுவனத்திடம் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் விலாசத்தையும் கொடுத்துப் பதிந்துகொள்வது. நீங்கள் விளையாட உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்த நிறுவனத்தின் கணினி, "இவர் நம்மிடம் பதிந்தவர்தானா?" என்று பார்க்கும். உங்கள் வீட்டுக் கதவைத் திறக்க, ஒவ்வொரு நாளும் சாவியை வெளிநாட்டுக்கு அனுப்பி, அவர்கள் தலையாட்டிய பிறகு உள்ளே போவது மாதிரி.

மோகன் பெயரில் கணக்குத் திறந்தேன். திரை வீட்டு எண்ணைக் கேட்டது. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் அவரிடம் இருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வரிசையாக இருக்கும் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்த முறையில் ஒரு கடிதமும் தவறியதில்லை என்றார் மோகன். ஆனால் திரை விடவில்லை. கடைசியில் வீட்டு எண் கேட்ட இடத்திலும் தோட்டத்தின் பெயரையே போட்டோம். ஏற்றுக்கொண்டது.

ஒருவர் கணக்கில் இன்னொருவர் விளையாடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே அடுத்த வாரங்களில் தாய்மார் ஒவ்வொருவராகச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தபோது, அவரவர் பிள்ளைக்காக அவரவர் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தேன். பெயர்கள் வேறு வேறு. விலாசம் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களில் ஓர் அம்மா என் வேலையைக் குறைக்கப் பார்த்தார்:

"வெலாசத்த ஏன் சார் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்குறீங்க? நாங்க எல்லாம் ஒரே எடம்தானே, ஒரு தரம் எழுதுனா போதாதா?"

கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்

இடி மின்னலில் விளையாட்டுப் பெட்டியின் மின்சாரப் பகுதி எரிந்துபோனதால் ஒரு நாள் நானே புதியதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு இந்தப் பக்கத்து மலைகளில் மழை வந்தால் யாரும் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டையும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் காம்பராவுக்குள் திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் கட்டியிருந்த ஊரைக் காட்டினார்கள். வானளாவிய கோபுரமோ ராஜா கோட்டையோ இருக்கும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. சமமான தரையில் சின்னச் சின்ன வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டாத வீடுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கமும் ஜன்னல், முன்னால் ஒரு துண்டு நிலம், கதவில் ஓர் எண், வேலியில் ஒரு தபால் பெட்டி. மலை என்று எதுவும் இல்லை. "மலைய எல்லாம் வெட்டி எடுத்துட்டோம்," என்று ஒருவன் விளக்கினான். எது யார் வீடு என்பதில் சண்டை கிடையாது. எல்லோருக்கும் எண் தெரிந்திருந்தது.

தாரணி இரண்டாம் வகுப்பில் படிப்பவள். என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து விளையாட விட்டாள். நான் நேராக ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது:

"இது எங்க வீடு, ஏழாம் நம்பர்! வெளிய போயி கதவத் தட்டிட்டு வாங்க மாமா!"

மகியங்கனைப் பெண்மணி

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை கவிதா பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திரையில் ஒரே செய்தி: கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது, விதிமீறல். ஒரே ஆள் பல பெயர்களில் பல கணக்குகள் வைத்திருப்பதாக நிறுவனத்தின் கணினி முடிவு செய்திருந்தது. மோகனின் கணக்கோடு பிள்ளைகளின் கணக்குகளும் மூடப்பட்டிருந்தன. அதை எதிர்த்து முறையிட வேண்டுமானால் முதலில் மோகனின் தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். மோகன் கட்டாருக்குத் திரும்பிப் போனதும் இங்கிருந்த எண் பாவனையில்லாமல் காலாவதியாகி, தொலைபேசிக் கம்பனி அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

பக்கத்துத் துணிக்கடைக்காரர் பாரிஸ் நானாவுக்கு, அதாவது பாரிஸ் அண்ணனுக்கு, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எடுப்பவர் சிங்களவராக இருக்கலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். அந்த எண்ணுக்கு அழைத்தார். மகியங்கனையில் ஒரு பெண்மணி எடுத்தார். "உங்களுக்கு ஓர் எண் வரும், அதை வாசித்துச் சொல்லுங்கள்" என்று நானா சொன்னதும் அந்தப் பக்கம் அப்படி ஒரு ஏச்சு! வங்கிப் பணத்தைத் திருடுகிறவர்கள் இப்படித்தானே பேசுகிறார்கள்? நானா போனைக் காதில் இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகத் தோட்டத்தையும், பிள்ளைகளையும், அவர்கள் கட்டிய வீடுகளையும் சொன்னார். அப்புறம் அந்த அம்மா எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார், இரண்டு தடவை.

அவர் கடைசியாகச் சொன்னதை நானா போனை வைத்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"'பூட்டினவனுக்கும் ஒருக்கா கோல் எடுத்துக் குடுங்க, நான் பேசுறேன்'டு சொல்றா தம்பி."

அத்தாட்சி

பூட்டியவர்களுக்குத் தொலைபேசி எண் கிடையாது. எழுத்தில்தான் பேசலாம். கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தனி ஆள் என்பதற்கு, பெயரும் விலாசமும் உள்ள தண்ணீர்க் கட்டணச் சீட்டோ மின்கட்டணச் சீட்டோ காட்டச் சொன்னார்கள். தண்ணீர் அங்கே மலை ஊற்றில் இருந்து குழாயில் வருகிறது. அதற்குக் கட்டணச் சீட்டு அனுப்புகிறவர் யாரும் இல்லை. மின்கட்டணமும் தனித்தனியாக வருவதில்லை.

கவிதா சோர்ந்துவிடவில்லை. தோட்டத்துக்காரர்கள் எந்தக் காரியத்துக்கும் யாரிடம் ஓடுவார்களோ அவரிடமே ஓடினார். ஒவ்வொரு தாயையும் கூட்டிக்கொண்டு போய்க் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கினார். கொழுந்து பறிக்கும் நாளை விட்டுவிட்டு வந்து நின்றவர்களும் இருந்தார்கள். முத்திரை குத்திய அந்தத் தாள்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு தாளிலும் பெயர் வேறு. ஒவ்வொரு தாளிலும் விலாசம் அதேதான்.

பதில் சீக்கிரமே வந்தது. மரியாதையான கடிதம். எல்லாக் கணக்குகளும் ஒரே விலாசத்தைச் சேர்ந்தவை என்பதை நீங்களே உறுதி செய்து உதவியதற்கு நன்றி, எங்கள் முடிவு இறுதியானது என்றிருந்தது. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கவிதா சான்றிதழ்களின் ஓரம் மடங்காமல் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததும் கேட்டார்:

"ஆளாளுக்கு ஒரு பொய் நம்பர் போட்டிருந்தா நம்பியிருப்பாங்களாண்ணே?"

குடையும் அனுமதியும்

நான் விற்ற பொருள்தானே? நானே முறைப்பாடு செய்யலாம் என்று, பற்றுச்சீட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு நுகர்வோர் முறைப்பாடுகளை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், நம் ஆள், தமிழிலேயே பேசினார். பொருள் பழுதா என்று கேட்டார். இல்லை என்றேன். போலியா? இல்லை. காலாவதியா? இல்லை. அவர் நிறுவனத்தின் விதிகளை என் போனிலேயே வாங்கிப் பொறுமையாக வாசித்தார். நாம் எல்லோரும் வாசிக்காமல் "சம்மதம்" என்று அழுத்துவோமே, அதே விதிகள்தான். நடுவில் ஒரு வரியைக் காட்டினார். வாங்குகிறவருக்கு விளையாட்டு சொந்தமாவதில்லை, பயன்படுத்த ஓர் அனுமதி மட்டுமே கிடைக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

"உறையில 'அனுமதி'ன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்க பற்றுச்சீட்டுல?" அதிலும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்:

"குடை விரியலன்னா கடைக்காரர்கிட்ட கேக்கலாம் சார். குடை நல்லா இருக்கு, விரிக்கிறதுக்குத்தான் அனுமதி இல்லன்னா, நான் யாரக் கூப்பிட்டு விசாரிக்கிறது?"

பாரிஸ் நானாவின் ஆலோசனை

அன்றிலிருந்து விளையாட்டு கேட்டு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்குச் சொந்தமாகாது, ஒரு நாள் மூடிக்கொள்ளலாம், யோசித்து வாங்குங்கள் என்று. பாதிப் பேர் யோசித்துவிட்டு வாங்காமல் போகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நானா ஒரு நாள் இரண்டு கடைக்கும் இடையில் இருந்த கதவு வழியாகத் தலையை நீட்டினார்:

"நானும் 'இந்தச் சாரம் முதல் தண்ணியில சாயம் போகும்'டு சொல்லித்தான் விக்கணுமா தம்பி? நீங்க இப்பிடியே பேசினீங்கண்டா, கதவுக்கு இந்தப் பக்கமும் ஆள் வராது."

ஏழாம் எண் வீடு

என்னால் முடிந்ததைச் செய்தேன். பழைய பொருள் வைக்கும் தட்டில் இருந்து, யாரிடமும் அனுமதி கேட்காத ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியையும், வட்டத் தட்டில் வரும் விளையாட்டுகளையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். போட்ட உடனே திறந்தது. பையன்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் போட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தாரணி மட்டும் கிட்டே வரவில்லை. கவிதாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊர அழிச்சிட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். நிறுவனம் அனுப்பிய அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், பதிந்தவை எதுவும் அழிக்கப்படவில்லை, பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தது. அதையே சொன்னேன். வீடு, ஜன்னல், தபால் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன, நம்மால் உள்ளே போகத்தான் முடியாது என்றேன்.

வெளியே மழை பிடித்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் மண்மேட்டைப் பார்த்தார்கள். தாரணி நான் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது:

"அப்ப எங்க வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

என் பற்றுச்சீட்டில் இப்போதெல்லாம் "விளையாட்டு ஒன்று" என்பதற்குப் பதிலாக "அனுமதி ஒன்று" என்றுதான் எழுதுகிறேன், வாங்குகிறவர்களோ அதை நான் தவறுதலாக எழுதிவிட்டேன் என்று நினைத்துத் திருத்தித் தரச் சொல்கிறார்கள்.