மணியன் அண்ணன் படகுக்கு மடங்கும் புரொப்பல்லர்

புரொப்பல்லர் விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: சாமான் யார் கண்ணிலும் படாமல் தண்ணீருக்கடியில் கிடக்கும், படகு நகராவிட்டால் திட்டு மட்டும் நேராகக் கடைக்கு வந்துவிடும். என் கடை இருக்கிற பாறசாலையில் மட்டுமா இப்படி? கடை போட்டு அவதிப்படுகிற சகோதரர்களே, நீங்களே சொல்லுங்கள்.

ஃபேன் கணக்கு

மணியன் அண்ணன் அம்பூரி மலையில் ரப்பர் தோட்டம் போட்டிருப்பவர். மலைக்காரருக்குப் பாய்மரப் படகு ஆசை வந்துவிட்டது. சின்னதாக ஒன்று வாங்கிப் பூவாறு காயலில் கட்டிப்போட்டார். காற்று விழுந்தால் கைகொடுக்க அதில் ஒரு குட்டி எஞ்சினும் உண்டு. அவர் மனைவி லதா அக்காவுக்கோ தண்ணீர் என்றாலே நடுக்கம். ஒரே ஒரு தடவை ஏறுவேன், பயந்துவிட்டால் படகை விற்றுவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அண்ணனுக்குத் தூக்கமே போச்சு.

பாயில் ஓடும்போது சும்மா நிற்கிற புரொப்பல்லர் படகைப் பின்னால் பிடித்து இழுக்கும். அதனால் எஞ்சின் சுற்றும்போது விரிந்து, நின்றதும் மடங்கிக்கொள்கிற இரண்டு இறக்கைச் சாமானை எடுத்துக் காட்டினேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். “எலே மக்கா, உனக்க கடை ஃபேனுக்கே மூணு உண்டு. என் படகுக்கு ரெண்டாக்கும்?”

சட்டி மூடி

படகடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, அளந்து வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு அலுமினிய மூடியோடு வந்தார். எஞ்சின் தண்டில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாராம், எங்கேயும் தட்டவில்லையாம். அடிப்பலகைக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே தண்ணீர் ஓட இடம் வேண்டாமா? இல்லையென்றால் படகு கிடுகிடுவென்று ஆடுமே! மூடியைவிடச் சின்னதாகத்தான் கொடுத்தேன். அதற்குள் அக்காவிடமிருந்து போன். “தம்பி, அந்த ஆளுக்க கையில மூடியை இப்பவே கொடுத்து விடு. இங்க சாம்பார் திறந்து கிடக்கு.”

பொழியில்

முதல் ஓட்டத்துக்கு, விற்ற ஆளும் ஏற வேண்டும் என்றார் அக்கா. நான் போனபோது கரையில் பூஜை முடிந்து, படகு தண்ணீரில் இறங்கியிருந்தது. பாயில் ஜோராகப் போனோம். ஆறு கடலில் சேருகிற பொழிக்குப் பக்கத்தில் காற்று பட்டென்று விழுந்தது. ஒழுக்கு, அதுதான் ஆற்று நீரோட்டம், எங்களைக் கடல் பக்கம் தள்ளியது. அண்ணன் எஞ்சினைப் போட்டார். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது, படகு அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

அண்ணன் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட, நான் கத்தியோடு குதித்தேன். தடவிப் பார்த்தால், மடங்கிய இறக்கைகளைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூஜைச் சரடு! அப்புறம் எங்கே விரிய? அறுத்துவிட்டு ஏறினேன். படகு கிளம்பியது.

“யாரு கெட்டினது?” என்றேன். அண்ணன் மனைவியைப் பார்த்தார். அக்கா மெல்லக் கண்ணைத் திறந்தார். “படகு எங்கேயும் போகப்பிடாதுன்னு கோயில் அம்மைக்கு நேர்ந்து நான்தான் கெட்டினேன். உள்ளே நானும் இருப்பேன்னு அம்மைகிட்ட சொல்ல மறந்துபோச்சு, தம்பி.”

தப்பு தன் பேரில் என்பதால் படகை விற்கச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. நானும் இப்போதெல்லாம் அளவு கேட்பதற்கு முன்னால், வீட்டில் என்ன நேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.