மூடிய கூட்டைத் திறந்து காட்டச் சொன்ன நாள்

அன்று ஆராய்ச்சிக் கட்டடத்தின் தொட்டி அறையில் நின்றவர்கள் நாலு பேர்: புழுக்களை ஆராயும் டொத்தொரெஸ்ஸா, கட்டடத்துக்குப் பொறுப்பான டிரெத்தோரே, என்னோடு துப்புரவு வேலை செய்யும் மன்னார் ரஞ்சினி அக்கா, நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். கடிஸ் பூச்சி பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த அறையில் பழகியதுதான். அவை வடக்கு மலை ஓடையிலிருந்து கொண்டுவந்த புழுக்கள். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஊறிப்போன இலைதான் சாப்பாடு. இலைத்துண்டையும் குச்சியையும் வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே திரியும். வளர்ந்து முடிந்ததும் கூட்டைக் கல்லில் ஒட்டி, இரண்டு பக்கத்தையும் வலைபோல அடைத்துவிடும். அதன்பிறகு அசைவில்லை. உள்ளே சிறகு முளைப்பது வெளியில் தெரியாது.

எல்லாம் மூடிக்கொண்ட நேரம் பார்த்து, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நின்றது. நல்ல வெயில் காலம். பல்லரோ சந்தை மீன்கடையில் ஐஸ் வாங்கி, அதிலிருந்த மீன் உப்பு தொட்டித் தண்ணீரில் சேராமல் பையோடு சுற்றி அடுக்கினோம். சில்லரைத் திருத்துவதற்குள் தண்ணீர் சூடாகிவிட்டது. எது பிழைத்தது, எது செத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நித்திரை இல்லை. அறையை மூடினால் கொந்த்ராத்தோ, என் வேலை ஒப்பந்தம், போகும்; அது இல்லாமல் இந்த நாட்டில் தங்கும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது.

டிரெத்தோரே வந்தார். "உள்ளுக்கை உயிர் இருக்கெண்டு காட்டுங்கோ. இல்லாட்டி நாளைக்கு அறையை விடுங்கோ."

"திறந்தால் செத்துப்போம்," என்றார் டொத்தொரெஸ்ஸா.

"திறக்காட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?"

ரஞ்சினி அக்கா என் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டார். "இவரின்ரை மனிசி பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கையும் இப்பிடித்தான் கேட்டவரோ?"

"என்ன சொல்லுறா?" என்று டிரெத்தோரே என்னைப் பார்த்தார்.

"கோப்பி வேணுமோ எண்டு கேக்கிறா, டிரெத்தோரே."

"வேண்டாம்."

 

வேறு வழியில்லாமல் டொத்தொரெஸ்ஸா ஒரு கூட்டைத் தட்டில் வைத்துக் கீறினார். உள்ளே கறுத்த கூழ். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெள்ளையாக நெளிந்தது.

"சரி, இப்போதைக்கு அறை இருக்கட்டும்," என்று டிரெத்தோரே போய்விட்டார். நெளிந்தது பின்னேரம் தட்டிலேயே செத்தது. லென்சில் பார்த்த டொத்தொரெஸ்ஸா, "ஆண்," என்றார்.

இரண்டு கிழமை கழித்து, மிச்சக் கூடுகளில் ஒன்றுதான் வலையைக் கடித்து வெளியே வந்தது. நீந்தி மேலே வந்து, குச்சியில் ஏறி, தோலைக் கழற்றியது. கூரைபோல மடிந்த மண்ணிறச் சிறகு. பெண். சில கிழமை கழித்துத் தண்ணீருக்கு மேலே குச்சியில் பசைபோல முட்டையிட்டது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆண் சேராத முட்டை. பொரிக்காது," என்றார் டொத்தொரெஸ்ஸா.

வளர்க்கப் புழு இல்லையென்று அறையை மூடினார்கள். கொந்த்ராத்தோவை நீட்டிக்கவில்லை. இப்போது போர்கோ வெக்கியோப் பக்கத்து வீடுகளில் மாடிப்படி கழுவுகிறேன், வதிவிடப் பேப்பர் இல்லாமல்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: உயிர் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொன்னால், முதலில் தவணை கேளுங்கள். இன்னும் இரண்டு கிழமை பொறுத்திருந்தால் அவை தாங்களாகவே காட்டியிருக்கும். அதைக் கேட்க எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.