பாதிப் பாட்டிலை போத்தின பொன்னாடை

அக்காவின்ரை மகள் வினோஜாவுக்கு எங்கடை தமிழ்ச் சங்கத்து விழாவிலை பொன்னாடை போத்தினவை. நல்ல விசயம்தானே அருள்ராணி எண்டு சனம் என்னட்டைச் சொல்லுது. என்ன நல்ல விசயம், மண்ணாங்கட்டி! நினைச்சா இண்டைக்கும் எனக்குப் பத்தி எரியுது.

வினோஜா ஒஸ்லோவிலை, ரொம்சோசிலை பிறந்து வளந்தவள். கிழமை நாளிலை பாலர் பள்ளியிலை வேலை, சனி ஞாயிறிலை கிற்றாரும் கையுமா அமெரிக்கப் பாணிக் கன்ட்ரிப் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். ஒரு கொம்பனியும் திரும்பிப் பாக்கேல்லை. சொந்தக் காசிலை சிடி அடிச்சு, என்ரை காருக்குப் பின்னாலை வைச்சு வித்தவள். நாட்டுப்புறத்துப் பியர்க் கடையளிலை தொப்பி போட்ட கிழவங்கள் அவளின்ரை பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைப்பாங்கள். பேந்து, உண்மையிலை நீ எந்த நாடு எண்டு விசாரிப்பாங்கள். ஒரு வெள்ளைக்கார விழாக்காரன் சீலை கட்டிக்கொண்டு வந்து பாடச் சொன்னவன். முதல் அவனை வேட்டி கட்டிக்கொண்டு வரச்சொல்லடி எண்டனான். அவள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டாள். பெட்டி தூக்கிறதும் கார் ஓடுறதும் நான், அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தகப்பன் யோகலிங்கம் அத்தான் மட்டும் ஒரு நாளும் கேக்க வரேல்லை. மாடு மேய்க்கிறவன்ரை பாட்டு எங்கடை பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டுவார். வீட்டிலை அவள் கிற்றாரை எடுத்தா ரீவிச் சத்தத்தைக் கூட்டுவார். அந்த மனுசனுக்கெண்டு அவள் ஒரு பாட்டு எழுதினாள், அவளின்ரை முதல் தமிழ்ப் பாட்டு. அத்தான் நோர்வேக்கு வந்த புதுசிலை இங்கத்தை வடக்கிலை மீன் பக்டறியிலை நிண்டு கை விறைச்ச கதை. கடைசி அடி இப்பிடி வரும்: விறைச்ச கையாலை என்ரை தலையைத் தடவினியள், எனக்கு ஒருநாளும் குளிரேல்லை.

"அந்த அடியை அப்பா கேட்டாக் காணும் சித்தி," எண்டாள்.

சங்கத்து ஆண்டு விழாவெண்டா அத்தான் கட்டாயம் வருவார். அதுக்காகவே அங்கை பாட ஒத்துக்கொண்டவள். போனவுடனை செயலாளர் சச்சிதானந்தன், பாட்டுக்குப் பின்னணி இசை பதிஞ்ச பென்ரைவ் எங்கை எண்டு கேட்டார். எங்கடை ஆக்களுக்குப் பாட்டெண்டா சினிமாப் பாட்டுத்தானே. கிற்றார் மட்டும்தான் எண்ட உடனை அவருக்கு முகம் கறுத்துப்போச்சு. ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சு அறுத்து முடிய, கடைசியாத்தான் அவளைக் கூப்பிட்டவை.

பாடத் தொடங்கினாள். மீன் பக்டறி வந்த உடனை அத்தான் கைத்தொலைபேசியைப் பொக்கற்றுக்கை வைச்சிட்டு நிமிந்து இருந்தார். பக்கத்திலை இருந்த நான் மேடையை விட்டிட்டு அவரையே பாத்தன்.

அந்த நேரம் பாத்து சச்சிதானந்தனுக்குச் சாப்பாடு ஆறுதாம். எங்கடை மேடையளிலை ஒருத்தரை இறக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. பேச்சு நீண்டா பொன்னாடையைப் போத்திவிடுவினம், ஆள் கும்பிட்டுக்கொண்டு இறங்கும். அதைப் பிள்ளைக்கும் செய்தார். அவள் பாடப் பாட வேறை மைக்கை எடுத்து, இளம் கலைஞரைக் கௌரவிக்கத் தந்தையாரை மேடைக்கு அழைக்கிறோம் எண்டார்.

அத்தான் எழும்பினார். பாட்டு முடியட்டும் எண்டு அவரின்ரை சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தன்.

"விடு ராணி, கூப்பிடுகினம்," எண்டிட்டுப் போனார்.

கடைசி அடிக்கு வந்த பிள்ளைக்கு அறிவிப்பு விளங்கேல்லை, அப்பா தன்ரை பாட்டுக்குத்தான் எழும்பி வாறார் எண்டு நினைச்சுச் சிரிச்சாள். அவர் போத்தின பொன்னாடை கிற்றாரையும் மூடிச்சுது, அந்தக் கடைசி அடியை அவள் பாடவே இல்லை. சனம் கை தட்டிச்சுது, படம் எடுத்தவை.

நான் நேரை சச்சிதானந்தனிட்டைப் போய் ஏசினன். மரியாதைதானே செய்தனாங்கள் எண்டார் அந்த விசரன். பிள்ளையின்ரை வாயைப் பொத்திப்போட்டு மரியாதையோ எண்டு சனத்துக்கு முன்னாலை கேட்டன். சாப்பாட்டு வரிசை ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு நகந்துது.

வரேக்கை அத்தான் காருக்கை பொன்னாடையை மடிச்சு மடியிலை வைச்சு, கனடாவிலை இருக்கிற தங்கச்சிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். பாட்டுப் பிடிச்சுதோ எண்டு வினோஜா பின்னாலை இருந்து கேட்டாள். ஓம், நல்லா இருந்தது எண்டார். கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேட்டார்:

"பாட்டு முடிஞ்சாப் பிறகுதானே பிள்ளை நான் வந்தனான்?"

நான் வாயைத் திறக்க, அவள் பின்னாலை இருந்து என்ரை தோளை அமத்தினாள்.

"ஓம் அப்பா," எண்டாள், "முடிஞ்சிட்டுது."