கம்பளி வேண்டாம் என்றவர்

குமணன்சாவடி பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கையே வீடாக்கிக் குடியிருந்தார் அவர். வளைவுக் கூரை, ஒரே பெரிய கூடம். ஸ்பீக்கர் பொருத்த என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்கா, அப்போது ஆம்ப்ளிஃபயர் பைத்தியம்! ஓடினேன்.

கட்டை மீசை, காக்கிச் சட்டை, சிரிக்காத முகம். நான் கூடத்தின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன். கூரை நாலு தரம் திருப்பித் தட்டியது.

"யாருய்யா அது, புதுக் கையா கீது?" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"எதிரொலி ஜாஸ்தி சார். சுவர் பூரா கம்பளி தொங்கவிட்டா அடங்கிடும்," என்றேன்.

"அடங்கக் கூடாது நைனா. அவளுக்குக் கண்ணு தெரியாது. அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் செவுரு எங்க கீதுன்னு கண்டுக்கினு நடக்குறா. பாட்டும் அவளுக்குத்தான் போடுறேன்."

அந்த அம்மா ஒரு கையால் சொடக்குப் போட்டபடி, மறுகையில் எனக்குக் காப்பியோடு, தூணில் இடிக்காமல் வந்தார்.

கம்பளி இல்லாமலே ஸ்பீக்கரை மாட்டினேன். பாட்டு குழம்பித்தான் வந்தது. அவர் வால்யூம் குமிழை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. அந்த அம்மா எழுந்து நடந்தால் குறைப்பார், உட்கார்ந்ததும் கூட்டுவார்.

அந்த மனிதர் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா?