நான்கு டயர், ஒரே எண்

எங்கள் காரின் நான்கு டயர்களும் ஒற்றுமையாக இருந்ததுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

பெங்களூர்க்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கார். டேஷ்போர்டில் காரை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம் வரும். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு எண்கள். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்றடிக்கும் வால்வின் பின்புறம், தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் மஞ்சள் லைட் எரியும். என் மனைவி சித்தேரி மலையில் நர்ஸ். பஸ் நேரம் மாறிப் போனதிலிருந்து அரூரிலிருந்து இந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் உச்சி. மரத்தின் உச்சி ரோட்டுக்குக் கீழே தெரிகிற ஊரில் அந்த மஞ்சள் லைட்டுக்கு நான் மிகுந்த மரியாதை கொடுத்து வந்தேன்.

இப்படி இருந்த வண்டிக்கு அலாய் வீல் மாட்டியது நான்தான். ஐம்பதைத் தாண்டினால் தலைக்குச் சாயம் பூசுவார்கள். எனக்குப் பூசுவதற்குப் போதுமான இடம் இல்லாததால் ஆசை சக்கரத்துக்கு இறங்கிவிட்டது. கடத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் அதற்குத் தூபம் போட்டார்.

"ஸ்டீல் வீலோட பாத்தா வாடகை வண்டியாட்டம் இருக்குதுங்க மாப்ள. அலாய் போட்டுப் பாருங்க, வண்டி நிமிந்து நிக்கும்."

"என்னையும் நிமிர்த்துமா மச்சான்?"

"அதுக்கு வேற கடை பாக்கணுங்க."

எதையும் படித்துவிட்டுத்தான் பயப்படுவது என் வழக்கம். கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றி வெளிக்கடைச் சக்கரம் மாட்டும்போது சென்சார் உடையும், தொலையும், சில ரிம்களில் உட்காரவே உட்காராது என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். எனவே கடைக்குப் போனதிலிருந்து ஒரே பாட்டு: "மச்சான், அந்த லைட் மட்டும் எரியக் கூடாது." ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவலும் உட்கார்ந்தேன். டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்ததைப் பார்த்தேன். நான்கு சென்சாரையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க, வூட்டுல கறி கொதிச்சிட்டு இருக்குது."

மச்சான் வீட்டில் கறி கொதிக்கும்போது, "உங்கள் கடைப் பையன்கள் சென்சாரைச் சரியாக மாட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும், நான் வரவில்லை" என்று சொல்லும் மாப்பிள்ளை அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போக முடியாது. போனேன். என்னை இலைமுன் உட்கார வைத்துவிட்டு மச்சான் கடைக்குத் திரும்பிவிட்டார். குடல் குழம்பு, வறுவல், அதன்பின் ஒரு சொம்பு மோர். திரும்பி வரும்போது புதுச் சக்கரங்கள் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம், முன்னால் சூடம். டேஷ்போர்டில் நான்கு மூலையிலும் முப்பத்து மூன்று, இருக்க வேண்டிய அளவு. லைட் எரியவில்லை. எலுமிச்சம்பழம் வைத்த சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பழத்தை நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் நான்கும் முப்பத்து மூன்று. மத்தியானம் வெயிலில் நான்கும் சேர்ந்து ஒன்று ஏறும், சாயங்காலம் சேர்ந்தே இறங்கும். ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் வேப்பமர நிழலிலும் நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அதே ஒற்றுமை. நான்கு சாட்சிகள் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி சொன்னால் எந்த வக்கீலும் நிமிர்ந்து உட்காருவார். நானும் உட்கார்ந்தேன்.

மனைவியிடம் சொன்னேன்.

"ஊருல எல்லாரும் லைட்டு எரிஞ்சா பயப்படுவாங்க. நீங்க எரியலைன்னு பயப்படறீங்க."

"நாலும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?"

"நல்லாப் பண்ணியிருந்தா அப்பிடித்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர எடை போட்டீங்க. பால்காரர் முன்னாடியே பால்ல விரல விட்டுப் பாத்தீங்க. இப்ப எங்கண்ணனா?"

சிலிண்டர் எடையும் சரியாக இருந்தது, பாலும் சரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் அரிப்பு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கத்து டயர் ஒன்றின் வால்வு ஊசியைப் பேனா முனையால் அழுத்திப் பிடித்தேன். புஸ்ஸென்று காற்று போனது. டயர் சப்பையாகத் தரையில் உட்காரும்வரை பிடித்திருந்தேன். பிறகு சாவியைத் திருப்பி, அந்தச் சப்பை டயரோடு தெருமுனைவரை ஊர்ந்து போய்த் திரும்பி வந்தேன்.

முப்பத்து மூன்று.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது மகிழ்ச்சி. வாழ்நாளில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டு ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காதவனுக்கு முதல் முறையாக ஒரு சந்தேகம் பலித்தது. ஈரக் கையோடு வந்தவளிடம் ஏறக்குறைய சிரித்துக்கொண்டே டயரைக் காட்டினேன், பிறகு டேஷ்போர்டைக் காட்டினேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை மழையில எறங்குனேங்க" என்றாள். "ஒரு வளைவுல வண்டி பின்னால ஒரு பக்கமா இழுத்துச்சு. ரோடு ஈரமா இருக்குதுன்னு நெனச்சேன்."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

முன் டயருக்குக் கால் பம்ப்பால் மிதித்துக் காற்றேற்றி, மெதுவாகப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் எல்லாச் சக்கரத்திலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நான் கையே வைக்காத பின்பக்க இடது டயரில் பாதிக் காற்றுகூட இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் ரிம் ஓரத்தில் நுரை கிளம்பியது.

"இது ரொம்ப நாளா கசியுதுங்களே. லைட்டு எரியலைங்களா?"

ஸ்டெப்னியை மாட்டிவிடலாம் என்று டிக்கியைத் திறந்து சக்கரத்தைத் தூக்கினார். தூக்கியவர் இரண்டடி பின்னால் போனார். "என்னங்க இது, குண்டு கிண்டா?"

ஸ்டெப்னிக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, முழங்கை நீளத்துக்கு ஒரு பிவிசி பைப். இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டியிருந்தது. ஒரு மூடியின் நடுவில் ட்யூப் வால்வு. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே நான்கு பொருள்கள் உருண்டன.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடத்தூர் போய்ச் சேரும்வரை பைப்பை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். கடையில் மச்சான் அதைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா! உங்க சென்சாரு இந்த ரிம்முல உக்காரலைங்க மாப்ள. நீங்களோ லைட்டு எரியக் கூடாது, எரியக் கூடாதுன்னு உசுர எடுத்தீங்க. தோட்டத்து பைப்பு ஒரு துண்டு கெடந்துச்சு. நாலையும் உள்ள போட்டு, சொல்யூசன் வெச்சு ஒட்டி, முப்பத்து மூணு அடிச்சேன். இன்னும் ரெண்டு வருசம் ஆனாலும் காத்து எறங்காது. நம்ம வேலை!"

"டயரில் இறங்குகிறதே மச்சான்."

"அது டயரோட வேலைங்க. லைட்டு எரிஞ்சுதா, சொல்லுங்க?"

எரியவில்லைதான். கேட்டது கேட்டபடி செய்யப்பட்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பைப்பை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, தெனமும் மலைக்கு நான் டயருல போறேனா, இந்த பைப்பு மேல போறேனா?"

மச்சானின் முகம் மாறியது. "நீயா ஓட்டற? நீ இன்னும் பஸ்ஸுலதான் போறீன்னு நெனச்சேன் பாப்பா. வண்டிய மாப்ளதான் ஓட்டுவாருன்னு..."

அன்றைக்கு அந்தக் கடையில் வந்த ஒரே வாக்குமூலம் அதுதான். என்னைப் பற்றியது.

பழைய ஸ்டீல் சக்கரங்களை அவர் ஏற்கெனவே யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். இந்த ரிம்முக்குப் பொருந்துகிற சென்சார் பெங்களூரிலிருந்து வர வேண்டும். கசிந்த ரிம்மைத் தேய்த்துச் சரிசெய்து மாட்டினார். என் மனைவி நகராமல் நின்று பார்த்தாள். கடைசியில் ரம்பத்தை எடுத்து அவரே பைப்பை அறுத்தார். பட்டென்று காற்று வெளியேறியது. சற்று நேரத்தில் டேஷ்போர்டில் எண்கள் நான்கும் மறைந்து கோடுகளாயின. மஞ்சள் லைட் எரிந்தது. அலாய் மாட்டிய நாளிலிருந்து அந்த வண்டி சொன்ன முதல் உண்மை.

மறுநாள் காலை, பஞ்சர் கடையில் வாங்கிய கை மீட்டரோடு நான் முதலில் எழுந்துபோய்ச் சுற்றி வந்தேன். அவள் தடுப்பூசிப் பெட்டியை டிக்கியில் வைத்தபோது, "பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு, கெளம்பு" என்றேன்.

அவள் கை நீட்டி மீட்டரை வாங்கிக்கொண்டு, சேலையை ஒதுக்கி முதல் சக்கரத்தின் பக்கம் குனிந்தாள்.

"நான்தான் பாத்துட்டேங்கிறேனே. எம்மேலயே சந்தேகமா?"

"ஆமாங்க" என்றாள், நிமிராமல்.

மூன்றாவது சக்கரத்தில் நின்றாள். "இதுல அஞ்சு கொறையுது. கண்ணாடி போட்டுட்டுப் பாத்தீங்களா?"

போடவில்லை. அவளே பம்ப்பை மிதித்தாள். மீண்டும் அளந்தாள். ஏறி உட்கார்ந்து, எரிகிற லைட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, மீட்டரைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள்.